சைபர் விழுந்த பக்கம்

அன்புள்ள சாமிக்கு அம்மா எழுதுவது. காவிரித் தாயும் நம் ஊர் மாரியும் உன் வாசலில் காவல் நிற்கட்டும்.

நேற்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து பேசும்போது, "இப்பக் கால்ல சுத்தமா வலி இல்லம்மா, டாக்டர் போட்ட ஊசி நல்லா வேலை செஞ்சிருச்சு, திருவிழாவுக்கு ஜம்முனு குடம் எடுத்துருவேன் பாரு" என்று சொன்னாய். "சரி சாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பை அணைத்தேன். பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கும் நீல அட்டை நோட்டை எடுத்து, உன் பெயர் போட்ட பக்கத்தில் நேற்றைய தேதிக்கு எதிரே ஒரு சைபர் எழுதினேன். வலி இல்லை என்று பிள்ளை சொன்னால் பெற்றவளுக்கு வயிறு குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கும் அனுப்புகிறேன், நம் பங்காளிகளின் வாட்சப் குழுவிலும் போடப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நம் எட்டுப் பங்காளி வீட்டிலும் நாற்பது தாண்டிய ஆண்கள் இருக்கிறார்கள்.

நான் எழுதி வைக்காத கணக்கு இந்த வீட்டில் இல்லை என்று நீயே கேலி செய்வாய். சிலிண்டர் மாற்றிய நாள், எருமை சினை பிடித்த நாள், அப்பாவின் பிரஷர் மாத்திரையில் மிச்சம், எந்த அமாவாசைக்கு எந்தக் கோயிலில் எத்தனை விளக்கு என்று எல்லாம் இருக்கும். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபடும். அப்படித்தான் அப்பாவின் ஐம்பத்தெட்டாவது வயதில் அவர் காலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் சில அடிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது பாதத்தை ஓரமாக ஊன்றி நடப்பார். பிறகு சரியாகிவிடும், டீக்கடைக்குப் போய்விடுவார். எத்தனை அடி சுவரைப் பிடிக்கிறார் என்று அடுப்படியிலிருந்தே எண்ணுவேன். நாலு. நாலு. ஆறு. மழை பிடித்த வாரத்தில் ஒன்பது. ஏழு மாதம் எழுதினேன். ஒரு நாளும் அவரிடம் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

இடது கால் அவருக்குக் கிளட்ச் கால். இருபத்திரண்டு வயதில் லாரியில் ஏறியவர். தொப்பூர் கணவாயில் ஒரு தடவை ஏறி இறங்கவே அந்தக் கால் எத்தனை தரம் மிதித்து எடுக்கும் என்று ஒருமுறை கேட்டதற்கு, "மூச்ச எண்ணறயா நீ? அது மாதிரிதான்" என்றார். முப்பத்தாறு வருடம் அந்த ஒரே காலின் ஒரே இடம் இழுபட்டுக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் அது தாங்கியது. காலையில் வந்து இறங்குவார், சாயங்காலம் மறுபடி நாக்பூருக்குக் கிளம்புவார், ஒரு முனகல் இருக்காது. தாங்கியதால் எப்போதும் தாங்கும் என்று இரண்டு பேரும் நினைத்துவிட்டோம்.

வலி அதிகமானபோது நான் செய்த முதல் தப்பு, அவரை அசையவிடாமல் உட்கார வைத்தது. வண்டிக்கு வேறு டிரைவர் போட்டு, நாலு மாதம் கட்டிலோடு வைத்திருந்தேன். குளிக்க வெந்நீரைக்கூடக் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலமானால் நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிடுவேன். நோட்டில் அடிகள் குறைந்துகொண்டே வந்தன. ஐந்து, மூன்று, இரண்டு. வேண்டுதல் பலிக்கிறது என்று செவ்வாய்க்குச் செவ்வாய் மாவிளக்கு போட்டேன். வேலை இல்லாததால் வலி குறைகிறது, அதோடு சேர்ந்து உள்ளே இருக்கும் பலமும் குறைகிறது என்று சொல்ல அன்றைக்கு எனக்கு ஆள் இல்லை.

அந்த வருடம் நம் வீட்டு முறை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் குழுவில் படிக்கும் மருமகள்களுக்காகச் சொல்கிறேன். எட்டுப் பங்காளி வீடு, வருடத்துக்கு ஒரு வீடு தீர்த்தக் குடம் எடுக்க வேண்டும். காப்புக் கட்டிய நாளிலிருந்து எட்டு நாள் விரதம். ஒன்பதாம் நாள் விடியலில் காவிரியில் முங்கி எழுந்து, குடத்தைத் தோளில் வைத்தால் கோயில் வாசல்வரை கீழே வைக்கக் கூடாது. வெறுங்கால். பங்குனி வெயிலில் தார் ரோடு. வழியில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் குளிரவைப்பார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் மேளம் மாறும். அங்கிருந்து கோயில்வரை மேடு, குடத்தோடு ஓட வேண்டும். அந்த மேட்டில் நடந்து வந்தால் அது குறை.

நாலு மாதம் கட்டிலில் இருந்தவர், காப்புக் கட்டியதும் பழகிப் பார்க்கிறேன் என்று மூன்று நாள் தொடர்ந்து ஆற்றுவரை நடந்து போய் வந்தார். நாலாம் நாள் காலையில் நான் எண்ணியது பன்னிரண்டு. சுவர் முடிந்து கதவு நிலையையும் பிடித்தார். அன்றைக்கே ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "காப்புக் கட்டியாச்சுங்க, வலி தெரியாம ஒரு ஊசி போட்டு உடுங்க" என்று நான்தான் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் விடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். கடைசியில் போட்டுவிட்டார். அப்பா வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, என்னை மட்டும் நிறுத்தி அந்த டாக்டர் சொன்னார்: "ஊசி வலிய மட்டுந்தானுங்கம்மா எடுக்கும். அந்த எடம் கொஞ்ச நாளைக்கு இன்னும் மெலிஞ்சுதான் இருக்கும். ஒரு மாசத்துக்குப் பாரம், ஓட்டம் எதுவும் கூடாது." நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்தேன். "என்ன சொன்னாரு?" என்று அப்பா கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, நல்லாயிரும்னாருங்க" என்றேன்.

இந்த ஒரு வரியை எட்டு வருடமாக யாரிடமும் நான் சொன்னதில்லை, சாமி. உன்னிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. கோயிலில் கண்ணை மூடி நின்றபோதுகூட இதைத் தவிர மற்றதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாளே அவர் சுவரைப் பிடிக்காமல் இறங்கி நடந்தார். அன்றைக்கு அவர் பக்கத்தில் முதல் சைபர் எழுதினேன். அதையும் சேர்த்து வரிசையாக நாலு சைபர். அந்த நாலும் என் கையெழுத்திலேயே அழகான கையெழுத்து; சந்தோஷத்தில் எழுதியது. ஐந்தாம் நாள், குடம் எடுத்த நாள், கட்டம் காலி.

அன்றைக்கு நீ ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தாய், பார்க்கவில்லை. காவிரியிலிருந்து எல்லைக் கல்வரை ஒரு குறையும் இல்லாமல் வந்துவிட்டார். நான் வேப்பிலைக் கொத்தோடு அவருக்கு ஐந்தடி பின்னால். மேளம் மாறியது. இடது காலை ஊன்றி முதல் ஓட்ட அடியை எடுத்தார், இரண்டாவது, மூன்றாவது. அப்போது அந்தச் சத்தம். அத்தனை மேளத்துக்கும் நடுவில் எனக்குக் கேட்டது. தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டும்போது பட்டென்று அறுந்துபோகுமே, அந்தச் சத்தம். அவர் அப்படியே ஒரு முழங்காலில் உட்கார்ந்தார். குடம் மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை. திரும்பிப் பார்த்து, "எவன்டா அவன் பின்னாடி இருந்து ஒதைச்சவன்?" என்று கத்தினார். பின்னால் என்னைத் தவிர யாருமில்லை. "ஏம்புள்ள, நீயா?" என்றார். முகத்தில் வலியே இல்லை, வெறும் ஆச்சரியம். உன் சித்தப்பா ஓடிவந்து குடத்தை வாங்கிக்கொண்டு ஓடினார். அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே, விரல் வைத்தால் உள்ளே போகும் அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பாதம் யாருடையதோ போலத் தொங்கியது.

ஊர் என்ன சொன்னது என்று உனக்குத் தெரியும். விரதத்தில் குறை, ஊட்டில் தீட்டு, ஆத்தா அடிச்சுட்டா. ஒரு வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆத்தா மேல் போட்டுவிட்டால் என் மேல் போட வேண்டியதில்லை பார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் தைத்துவிட்ட பிறகு, நடைப் பயிற்சி கொடுக்க மேட்டூர்க்காரப் பெண் ஒருத்தி வருவாள். சின்ன வயசு, வாய் ஓயாது. நான் அவளைத் துளைத்து எடுத்துவிடுவேன், நோட்டும் கையுமாக. "ஏம் பாப்பா, முப்பத்தாறு வருசம் தாங்குனது எப்புடி ஒரு அடியில போச்சு?" என்று கேட்டேன். "ஒரு அடியில போகலீங்கம்மா" என்றாள். "தசையையும் எலும்பையும் புடிச்சுக் கட்டற கயிறுங்க அது. ஒவ்வொரு தடவ இழுபடறப்பவும் உள்ள நூல் நூலா நைஞ்சுக்கும். சின்ன வயசுல அதுவே ஓடி ஓடித் தைச்சுக்கும், தைச்ச எடம் முன்னவிட கெட்டியாயிரும். வயசாக ஆகத் தைக்கறது மெதுவாயிரும், நையறது மட்டும் நிக்காது." "அப்பறம் எப்புடித்தான் வேல செய்யறது?" "வேல குடுத்தாத்தான் அது பலமாகுமுங்க. சும்மா உட்டாலும் கெடும். ஆனா வயசான கயித்துக்குக் காது மந்தமுங்கம்மா. நீங்க சொல்றது அதுக்கு லேட்டாத்தான் கேக்கும். பொறுமையா, கொஞ்சங்கொஞ்சமா, மாசக் கணக்குல சொல்லோணும். ஒரு நாள் வேல குடுத்தா ரெண்டு நாள் தைக்க உடோணும். காது கேக்கலீன்னு ஒரே நாள்ல கத்துனீங்கன்னா அறுந்துரும்."

கட்டிலில் கிடந்த அப்பா அப்போது கேட்டார்: "லாரி ஸ்பிரிங் பட்டை மாதிரிங்களா பாப்பா? உள்பட்டை ஒண்ணொண்ணா விரிசல் உட்டுருக்கும். வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், சத்தம் வராது. ஒரு நாள் ஒரு குழி. அவ்வளவுதான்." "அதேதானுங்கப்பா" என்றாள். அப்பா என்னைப் பார்த்து, "நாங்கூட இவதான் ஒதைச்சுட்டாளோன்னு நெனச்சேன்" என்றார். "ஒதைக்கோணும்னு ரொம்ப வருசமா இருந்ததுங்க, அன்னிக்கு ஒதைக்கலீங்க" என்றேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த டாக்டர் சொன்ன வரியை மட்டும் அவளிடமும் கேட்கவில்லை.

இப்போது அவருக்கு அறுபத்தாறு. இரண்டு காலால் குதிகாலை உயர்த்தி நிற்பார். இடது கால் ஒன்றில் மட்டும் நின்று உயர்த்தச் சொன்னால், பாதம் தரையை விட்டு வராது. கிளட்சை முழுக்க மிதிக்க முடியாது. வண்டியை விற்றாயிற்று. வாசலில் லாரி போனால் கியர் மாற்றும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இனி உன் பக்கத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்தபோது விடியலில் எழுந்து நீ குளியலறைக்குப் போனாய். நான் கோலப்பொடி எடுக்க உள்ளே வந்தேன். வலது பாதத்தை ஓரமாக ஊன்றி, சுவரில் கை வைத்து, மூன்று அடி. உன் அப்பாவின் நடை அப்படியே. கோலத்தை நடுவில் விட்டுவிட்டு வந்து நோட்டில் உனக்கு ஒரு பக்கம் திறந்தேன். பொங்கலுக்கு வந்தபோது ஆறு. இந்த முறை பேசாமல் இருக்கவில்லை, கேட்டேன். "ஷட்டில் ஆடறதுல லேசா புடிச்சிருக்குதும்மா, வயசா ஆச்சு எனக்கு?" என்று சிரித்தாய். நாற்பத்து மூன்று, சாமி. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் குதிக்கிறவர்கள்தான் தன்னிடம் அதிகம் வருகிறார்கள் என்று அந்த மேட்டூர்ப் பெண் சொன்னதைச் சொன்னேன். அவள் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளை, படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுகிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள், முதுகில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று மாதம் என்று இருக்கும் அந்தத் தாளை, கவரில் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கவர் டிவிக்கு அடியிலேயே இருக்கிறது. பிரிக்காமல் விட்டுப் போயிருக்கிறாய். அன்றைக்கே தொடங்கியிருந்தால், உன் கால் காது கொடுத்திருக்கும்.

வருகிற செவ்வாய் காப்புக் கட்டு. நம் வீட்டு முறை. அப்பாவால் முடியாது, மூத்தவன் நீ. உன் ஊசி விஷயம் நீ சொல்லும் முன்பே, அடிகள் ஆறானதிலிருந்தே எனக்குத் தூக்கம் போயிற்று. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் நானே பூ கேட்டேன். இந்த வருடம் முறையை மாற்றிச் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் என் மகன் எடுக்கட்டுமா, வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று மனதில் நினைத்துக்கொண்டு இரண்டு பூப் பொட்டலத்தை ஆத்தா காலடியில் வைத்தேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. "என்னங்கம்மா கேட்டீங்க, மொகம் இப்புடி வெளிறிப்போச்சு?" என்றார். "ஊட்டு விசயமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாற்பத்தைந்து வருடமாக அந்தச் சன்னிதியில் நிற்கிறேன். பூ வாக்குக்கு எதிராக ஒரு சுண்டு விரலை அசைத்ததில்லை. திரும்பி வந்து சித்தப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்பு வந்ததையும் சேர்த்து. அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணி, அன்னிக்குக் கொடத்த அண்ணன் தோள்ல இருந்து வாங்குனவன் நானு. அந்தக் கால நானும் பாத்தேன். எம்பட மூத்தவனுக்கு முப்பதுதான், தெனமும் வயக்காட்டுல நடக்கறவன். அவன் எடுக்கட்டுமுங்க. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். ஆத்தா கேட்கிறதாக இருந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று நான் விளக்கு முன்னால் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த விளக்கு இரண்டு நாளாகத் திரி சரியாக நிற்காமல் அணைந்துகொண்டே இருக்கிறது. மட்டமான எண்ணெய்தான் காரணம் என்று அப்பா சொல்கிறார்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டாமல் குழுவில் போட முடியாதே. டாக்டர் சொன்ன வரியை இரண்டு தரம் படித்தேன். அவர் இடது காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும் புள்ள" என்றார்.

"என்னங்க தெரியும்?"

"ஊசி போடறப்பவே என்ற காதுலயும் சொன்னாரு. ஒரு மாசம் ஓடாதீங்கன்னு. உங்கிட்டச் சொன்னா கொடத்த நிறுத்திப்போடுவியேன்னு சொல்லல. அந்த நேரத்துக்கு வலி இல்ல பாரு. வலி இல்லாதப்ப டாக்டர் பேச்சு யாருக்குக் கேக்குது?"

எட்டு வருடம் ஒரே கட்டிலில், ஒரே வரியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து மறைத்துவைத்திருக்கிறோம். இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால், அந்த எல்லைக் கல்லைத் தாண்டி அவர் நடந்திருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன். உனக்கு ஊசி போட்ட டாக்டரும் அதை உன்னிடம் சொல்லியிருப்பார். எத்தனை நாள் என்று கணக்கும் சொல்லியிருப்பார். நேற்று நீ அம்மாவிடம் பேசியது ஏழு நிமிஷம்; அதில் அந்தக் கணக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை நீ வரலாம், சாமி கும்பிடலாம், குடத்துக்குப் பின்னால் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாம். காப்புக் கட்டக் கையை மட்டும் நீட்டாதே. உன் கையை யாரும் பிடித்து இழுக்க முடியாது, நீ வளர்ந்தவன். நான் அங்கே நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும்.

திங்கட்கிழமை வந்து படுப்பாய். விடியலில் நான் அடுப்படியில் இருப்பேன், நோட்டோடு. இதுவரை என் பிள்ளைக்கு நோவு வராமல் காப்பாற்று என்றுதான் அந்த விளக்கிடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு எண்ணெயை மாற்றி, புதுத் திரி போட்டு, திரி நிற்கும்வரை கையால் மறைத்துக்கொண்டு, வேறு ஒன்றைக் கேட்டேன். நீ கட்டிலை விட்டு இறங்கும்போது உன் வலது கால் வலிக்க வேண்டும். ஆறு அடியாவது நீ அந்தச் சுவரைப் பிடிக்க வேண்டும்.

அம்மா